சீசாவில் இருப்பது யாது?

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிப் பெங்களூர்ப் பெருவழியில் செல்வோர், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து சிறிது தொலைவில் சுங்குவார்சத்திரம் என்னும் ஊரைக் காண்பர். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய இடம் என்பது அதன் பெயரிலேயே விளங்கும். ஸ்ரீபெரும்புதூரோ இராமாநுசர் அவதரித்த தலம். இன்று இவ்விரண்டு ஊர்களுக்கும் தெற்கேயுள்ள ஒரகடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் செல்பேசிகளும் இரவு பகலாக உருவாகின்றன. பேராலைகளின் நடுவே, பார்ப்பவர் கவனியாமலே கடந்து செல்லக்கூடிய சிறு தொழிற்கூடங்களும் இருக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் இருந்த அத்தகைய கூடம் ஒன்றில் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைப் பற்றியே இன்று நான் பேசப் போகிறேன்.

மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது ஸ்ரேசன் பார்மசூட்டிகல் என்னும் நிறுவனம். எஸ்.ஆர். 13 என்ற தொகுதி எண் இடப்பட்ட சீசாக்கள் பல நூறு மைல் வடக்கே, மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்துப் பராசியாவுக்குச் சென்றன. அங்கே சளியும் காய்ச்சலும் கண்ட சிறு குழந்தைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி அது ஊட்டப்பட்டது. சளி தீரவேண்டிய நாளில் வாந்தி தொடங்கிற்று. பின்னர்ச் சிறுநீர் குறைந்து, அடியோடு நின்றது. பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மகாராஷ்டிரத்து நாகபுரி வரை ஓடினர். கிருமியோ குடிநீரோ காரணமாகலாம் என்று முதலில் சோதனைகள் நடந்தன. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

அக்டோபர் முதல் தேதி மத்தியப் பிரதேச அதிகாரிகளின் கடிதம் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு வந்தது. அன்று ஆயுத பூஜை. கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஆலைகள் ஓய்ந்திருந்த அந்த நாளிலேயே ஆய்வாளர்கள் சுங்குவார்சத்திரம் சென்று மருந்தின் மாதிரிகளை எடுத்துவந்தனர். மறுநாளே சென்னை அரசு ஆய்வுக்கூடத்தின் முடிவு வெளிவந்தது. 100 மில்லி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவம் 48.6 கிராம் இருந்தது. இத்தகைய கலப்பிற்கு விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவு 100க்கு 0.1 மட்டுமே. அதாவது, அனுமதித்ததைப் போல் 486 மடங்கு! விற்பனை தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் உரிமையாளர் கைதானார். அக்டோபர் 13ஆம் தேதி உரிமமும் இரத்தாயிற்று. யார் எவ்வளவு குற்றவாளி என்பது நீதிமன்றம் கூறவேண்டியது. நான் இங்கே கேட்பவை வேறு இரண்டு கேள்விகள். அந்த நஞ்சு சீசாவுக்குள் எப்படி நுழைய முடிந்தது? அந்தச் சீசாதான் குழந்தையின் கைக்கு எதற்காக வந்தது?

முதற்கேள்விக்கு விடை காண, மாணவ நண்பர்களே, நீங்கள் பள்ளியில் படித்த கரைதிறன் பாடத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரைவதன்று. சாதாரண வெப்பநிலையில் ஒரு மில்லி நீரில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் கரையும், அதற்குமேல் கரையாது. குழந்தைகளுக்குரிய மருந்திலோ 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், அஃதாவது மில்லிக்கு 25 மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. ஆகவே தண்ணீருக்குத் துணையாக வேறொரு கரைப்பானைச் சேர்க்கவேண்டும். கிளிசரின், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. இனிப்பும் கொழகொழப்பும் உடைய இவை உரிய அளவில், உரிய தூய்மையில் இருந்தால் தீங்கு செய்வதில்லை. மருந்துச் சீட்டில் இவற்றின் பெயரை எந்த டாக்டரும் எழுதுவதில்லை. ஆயினும் சீசாவில் உள்ள பொருள்களை நிறுத்துப் பார்த்தால் மருந்தைவிட இவையே மிகுதியாக இருக்கும்! குழந்தை விழுங்குவது மருந்தையும் அதைச் சுமந்துவரும் இந்தத் திரவத்தையும் சேர்த்தே.

டைஎத்திலீன் கிளைக்காலும் நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. அதையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் இரண்டு குவளைகளில் ஊற்றி வைத்தால் இரசாயனப் பேராசிரியரும் வெறுங்கண்ணால் வேறுபாடு கூற இயலாது. அதற்கென்று நியாயமான இடங்கள் உலகில் உண்டு. பிசின் வகைகள் செய்வதில் அது பயன்படும். வாகனங்களுக்கு ஊற்றும் பிரேக் திரவங்கள் சிலவற்றிலும் உண்டு. ஆகையால், இந்தத் தொழிற்பகுதியின் ஒரு கூடத்தில் குற்றமற்ற பண்டமாக இருக்கும் திரவம், மற்றொரு கூடத்தில் எமனாகிவிடுகிறது. சுங்குவார்சத்திரத்துக் கூடத்தில், மருந்து நூல்கள் விதிக்கும் தரத்தைச் சேராத புரொப்பிலீன் கிளைக்கால் பயன்பட்டதாக ஆய்வாளர் அறிக்கை கூறிற்று. மொத்தத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகளை அவர்கள் பட்டியலிட்டனர். தொழிற்சாலைத் தரத்துப் பீப்பாயில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்தறியாமல் கொப்பரையில் ஊற்றுபவன் கண்ணை மூடிக்கொண்டு பாதையைக் கடப்பவனை ஒப்பான். சோதனையும் அரிதானதன்று. வாயுநிறப்பகுப்பு என்னும் முறையால் ஆய்வுக்கூடம் விரைவில் விடை கூறிவிடும். அன்று சென்னையில் ஒரே நாளில் கூறியதைப் பார்த்தோம். மூலப்பொருளின் ஒவ்வொரு வரத்தையும் சோதிக்கவேண்டும் என்பது உற்பத்தியாளரின் கடமைகளுள் ஒன்று. மே மாதத்தில் செய்திருந்தால் அத்தொகுதி ஆலையின் வாயிலைத் தாண்டியிராது.

இந்த நஞ்சு உடலில் செய்வது என்ன? கல்லீரலின் நொதிகள் இதை மாற்றி மாற்றி, இறுதியில் டைகிளைக்காலிக் அமிலம் என்னும் பொருளாக்குகின்றன. அது சிறுநீரகத்தின் நுண்குழல்களில் உள்ள உயிரணுக்களுக்குள் புகுந்து தங்கி, அவற்றை மாய்த்துவிடுகிறது. உடலைத் தூய்மை செய்யும் வடிகட்டியே அடைபட்டுப் போகிறது. மருந்தளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 48.6 விழுக்காடு என்றால் 5 மில்லியில் ஏறத்தாழ 2.4 கிராம். நாளுக்கு மூன்று முறையாக நான்கு நாள் கொடுத்தால் 29 கிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது உயிரைக் குடிக்கும் அளவு. இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. முதலில் தோன்றும் குறிகள் வாந்தி, வயிற்றுவலி, சோர்வு. இவை சளிக்காய்ச்சலிலும் காண்பவைதாமே! நோய் முற்றுகிறது போலும் என்று எண்ணும் தாய், அதே சீசாவிலிருந்து இன்னொரு கரண்டி ஊற்றுகிறாள். நேரத்தில் கண்டுகொண்டால் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் சிலரைக் காப்பாற்றலாம். நேரத்தில் கண்டுகொள்வதுதான் அரிது.

இது புதிய விபத்தன்று என்பதே என் மனத்தை மிகவும் வருத்துவது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மாசன்கில் என்ற கம்பெனி, சல்ஃபனிலமைடு என்னும் அக்காலத்து அரிய மருந்தைத் திரவமாக விற்க விரும்பிற்று. அது தண்ணீரிலும் சாராயத்திலும் எளிதில் கரையவில்லை. டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்தது! கம்பெனியின் இரசாயனி சுவையையும் மணத்தையும் சோதித்தார். நஞ்சுண்டா என்று சோதிக்கவில்லை. சோதிக்குமாறு அன்றைய சட்டமும் கேட்கவில்லை. 105 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். சாராயம் இல்லாத திரவத்துக்கு ‘எலிக்ஸிர்’ என்று பெயரிட்டது தவறு என்ற சிறு காரணத்தைப் பற்றிக்கொண்டே அரசாங்கம் சீசாக்களைப் பறிமுதல் செய்ய முடிந்தது. மறு ஆண்டே புதிய சட்டம் பிறந்தது. அந்த நஞ்சை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகக் குழுவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற மாணவி இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தாலிடமைடு என்ற மருந்தை அமெரிக்காவுக்குள் எளிதில் நுழையவிடாமல் மறித்து நின்ற அதிகாரி அவரே. மாணவப் பருவத்தில் கண்டது மறக்கவில்லை போலும்.

நம் நாட்டில் 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. ஆயினும் 1972இல் இதே சென்னையில் இதே நஞ்சு குழந்தைகளைக் கொன்றது. 1986இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் கிளிசரின் என்று கொடுத்ததில் இது கலந்திருந்து 14 நோயாளிகள் இறந்தனர். நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணையும் நடந்தது. 1998இல் குர்காவுன் பகுதிக் குழந்தைகள் 33 பேர். 2020இல் ஜம்முவின் உதம்பூர் மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்டோர். 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற மருந்துகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பெயர்களும் ஊர்களும் மாறுகின்றன. இனிப்பான திரவம் மாறவில்லை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். செய்தித்தாள்கள் ஆலையைப் பற்றியே மிகுதியாக எழுதின. எழுதவேண்டியதுதான். மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் கேட்பது, அந்த மருந்து மிகத் தூய்மையாகவே இருந்திருந்தாலும் மூன்று வயதுக் குழந்தைக்கு அதனால் விளையும் நன்மை யாது என்பதே. ஏனெனில், எந்த மருந்திலும் சிறிது ஆபத்து உண்டு. நன்மையைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, ஆபத்தை மறு தட்டில் வைத்தே எழுதுகோலை எடுக்கவேண்டும். நன்மைத் தட்டு காலியாக இருந்தால், மறு தட்டில் உள்ள துரும்பும் கனமாகிவிடும். அந்தத் தட்டில், டாக்டரின் கண்ணுக்குத் தெரியாத ஆலைப் பிழையும் ஏறிக்கொள்ளலாம் அன்றோ?

கோல்ட்ரிஃப் என்பது மூன்று மருந்துகளின் கூட்டு. பாரசிட்டமால் ஒன்று, அது காய்ச்சலைத் தணிக்கும், வலியைக் குறைக்கும், நல்ல மருந்து. குளோர்பெனிரமின் இரண்டாவது, மூக்கொழுகலுக்கென்று சேர்ப்பது, சிறு குழந்தைகளின் சளியில் அது பயன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை, உறக்கத்தை மட்டும் நிச்சயமாகத் தரும். குழந்தை அயர்ந்து உறங்குவதைக் கண்டு மருந்து வேலை செய்கிறது என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு! மூன்றாவது ஃபினைல்எஃப்ரின், மூக்கடைப்புக்கென்று சேர்ப்பது. வாய்வழி கொடுக்கும்போது குடலும் கல்லீரலும் அதன் பெரும்பகுதியை அழித்துவிடுகின்றன. வழக்கமான அளவில் வாய்வழி கொடுத்தால் பயனில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நிபுணர் குழு ஒருமனதாகக் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கையைச் சீட்டில் அச்சிடுமாறு ஆணையிட்டது. பராசியாவின் துயருக்குப் பின், 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார இயக்ககம் இன்னும் தெளிவாகக் கூறியது. இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது; ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக வேண்டுவதில்லை.

கூட்டு மருந்தில் மற்றொரு சங்கடம், ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாமை. பாரசிட்டமாலின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. காய்ச்சல் தணியவில்லையென்று கூட்டு மருந்தை இன்னொரு கரண்டி ஊற்றினால், வேண்டாத மற்ற இரண்டும் உடன் ஏறும். அதைவிட அடிக்கடி நிகழ்வது வேறொன்று. டாக்டர் சளிக்கு ஒரு சீசாவும் காய்ச்சலுக்கு ஒரு சீசாவும் எழுதுகிறார், பெயர்கள் வேறு, வண்ணங்கள் வேறு, இரண்டிலும் பாரசிட்டமால்! மூன்றாவதாகப் பக்கத்துக் கடையிலிருந்து பாட்டி வாங்கிவந்ததிலும் அதுவே இருந்தால், கல்லீரல் அதற்கு விலை கொடுக்க நேரும். ஆகவே வணிகப் பெயரை விட்டு, சீட்டின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கப் பழகுங்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் பல வேளை நீங்கள் மட்டுமே.

பெரியவர்களிடத்தும் இந்த இடைவினைகள் உண்டு. ஒரகடத்தில் இரவு முறைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர் மாலையில் சளி மாத்திரை ஒன்றை விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள குளோர்பெனிரமின் நள்ளிரவில், அழுத்து இயந்திரத்தின் முன் நிற்கும்போது, அவர் இமையைக் கீழே இழுக்கும். மதுவோ உறக்க மாத்திரையோ சேர்ந்தால் அது இரட்டிக்கும். இரத்த அழுத்தம் உள்ளவரின் நிலை இன்னும் நுட்பமானது. அவருக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் டாக்டர் கொடுத்திருக்கிறார், இரண்டும் வேண்டியவையே. முதுகுவலிக்கென்று அவரே கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக்கொள்கிறார். இம்மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தளரக்கூடும். செம்பரம்பாக்கம் ஏரியை எண்ணிப் பாருங்கள். வரத்துக்கால் குறுகினால் மதகைச் சற்று அடைத்து நீர்மட்டத்தைக் காக்கலாம். வலி மாத்திரை வரத்துக்காலைக் குறுக்குகிறது; எனலாப்ரில் மதகைத் திறந்து வைக்கிறது; மூன்றாவது மாத்திரை மழையையே குறைக்கிறது. மட்டம் தாழாமல் என்ன செய்யும்? சிறுநீரகத்துள் வடிகட்டும் அழுத்தமும் அவ்வாறே தாழ்கிறது. வியர்த்து ஒழுகும் கோடையில், உலைக்களத்தில் நிற்பவருக்கு இது மேலும் விரைவில் நேரும். இதற்காக அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாகாது. வலி மாத்திரை வாங்குமுன் தாம் உண்ணும் மற்றவற்றைக் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ சொல்லவேண்டும்.

இருமல் மருந்து எழுதிய டாக்டர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் முன் நிற்பவளின் நிலையையும் பார்க்கவேண்டும். ஒரு நாட்கூலியை இழந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள் தாய். “ஒன்றும் வேண்டாம், தானே சரியாகும்” என்றால், தன்னை ஏழை என்று கருதி அனுப்பிவிட்டார்கள் என்று அவள் எண்ணக்கூடும். வெறுங்கையுடன் போக அவள் விரும்பமாட்டாள். அடுத்த தெருவில் எழுதிக் கொடுப்பவர் இருக்கிறார். ஆகவே மருந்தை மறுப்பவர் அதன் இடத்தில் நேரத்தையும் விளக்கத்தையும் தரவேண்டியிருக்கிறது. அறுபது பேர் காத்திருக்கும் மருத்துவமனையில் எல்லாவற்றினும் அரிய மருந்து அதுவே என்று நான் அறிவேன். இருப்பினும் அதற்கு மாற்று இல்லை.

அவ்விளக்கம் எப்படி இருக்கும்? மூன்று வயதுக் குழந்தைக்குச் சாதாரணச் சளி என்றால், இருமல் பத்து நாள் இருக்கலாம். சில வேளை மூன்று வாரமும் நீடிக்கும். காய்ச்சல் துன்புறுத்தினால் பாரசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயது நிரம்பிய குழந்தையாயின் உறங்குமுன் சிறிது தேன். நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. பாலும் கஞ்சியும் தண்ணீரும் அடிக்கடி. பிறகு, குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணச் சொல்லவேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வெறும் சளியன்று. உடனே திரும்ப வரவேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், அரை நாள் சிறுநீர் கழியாவிட்டாலும் அவ்வாறே. அப்போது வீட்டில் கொடுத்த மருந்துச் சீசாக்கள் யாவற்றையும், காலியானவை உட்பட, கையோடு எடுத்துவரவேண்டும். தொகுதி எண் அச்சிட்டிருப்பது அவற்றின் மேல்தான்.